கிணற்றைத் தூர்த்த பிறகும்



போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், என் லேப்டாப்ல இருக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லை முழுசா எடுத்துட்டு, பழைய வெர்ஷனைப் போடணும். எப்படி சார் எடுக்கிறது?" என்று கேட்டார். அவரிடம் இருப்பது உபுண்டு 22.04. அவர் ஓட்ட நினைத்த ஒரு மென்பொருள், லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. உபுண்டு 22.04-உடன் வருவது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0. ஆகவே 3-ஐ எடுத்துவிட்டு 1.1-ஐ வைத்தால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. "தம்பி, எண்டரைத் தட்டிடாதே. கொஞ்சம் பொறு" என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதை அவருக்குத் தொலைபேசியில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. இன்று முழுதாகச் சொல்ல வந்திருக்கிறேன். அவரும் இந்த அரங்கில் இருக்கிறார்.

லைப்ரரி என்ற சொல்லுக்கு நிரலகம் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனாலும் நீங்கள் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து பேசும்போது லைப்ரரி என்றே சொல்கிறீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு லைப்ரரி தானாக ஓடாது. மற்ற நிரல்கள் தமக்குத் தேவையான வேலையை அதனிடம் வாங்கிக்கொள்கின்றன. நான் அதை ஊர்ப் பொதுக்கிணறாகத்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டாமல், ஒன்றை நன்றாக வெட்டி ஊரே இறைத்துக்கொள்கிறது. மறையாக்கம் போன்ற கடினமான வேலைக்கு இதுதான் சரியான வழி. ஆளாளுக்குத் தனித்தனியாக மறையாக்க நிரல் எழுதினால் ஆளாளுக்கு ஒரு ஓட்டை விழும்.

லினக்ஸ் உலகில் மறையாக்கக் கிணறுகளில் மிகப் பெரியது ஓப்பன்எஸ்எஸ்எல். ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் எழுதிய எஸ்எஸ்எல்ஈஏஒய் என்ற லைப்ரரியிலிருந்து 1998 டிசம்பரில் பிறந்தது. அந்தப் பழைய பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் எரிக் யங்கின் முதலெழுத்துகள். இன்று உங்கள் லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்எச், கர்ல், பைத்தான், வெப் சர்வர், டேட்டாபேஸ் என்று எதைத் தொட்டாலும் பெரும்பாலும் இந்தக் கிணற்றில் ஒரு வாளி தொங்கும்.

நிறுவுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் அது மூன்று பேக்கேஜ்களாக வருகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பெயரில் இருப்பது வெறும் கட்டளைக் கருவி. மற்ற நிரல்கள் ஓடும்போது தேடுவது லிப்எஸ்எஸ்எல்3 என்ற பேக்கேஜை. நீங்கள் சி மொழியில் நிரல் எழுதிக் கம்பைல் செய்யும்போது தேவைப்படும் தலைப்புக் கோப்புகள் லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்பதில் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் பாதித் தகராறு. ஓப்பன்எஸ்எஸ்எல் போட்டும் கம்பைல் ஆகவில்லை என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! டெவ் பேக்கேஜைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இன்னொன்று: உபுண்டு 24.04-இல் லிப்எஸ்எஸ்எல்3 என்று தேடிப் பார்த்துவிட்டுக் காணோம் என்று பதறாதீர்கள். 2038-ஆம் ஆண்டுக்குப் பிறகும் கணினிக் கடிகாரம் சரியாக ஓடுவதற்காக நேரத்தை 64 பிட்டாக மாற்றினார்கள். அப்போது அந்தப் பேக்கேஜின் பெயரோடு டி64 என்ற வால் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது அதே சரக்குதான்.

அந்தப் பெயரில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். வட்டில் கிடக்கும் கோப்பின் பெயரிலேயே 1.1 என்றும் 3 என்றும் எண் இருக்கும். ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போது, எனக்கு இந்த எண் உள்ள லைப்ரரிதான் வேண்டும் என்று அது தன்னுள் எழுதி வைத்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கும்போது லோடர் என்ற சிறு நிரல் அந்தப் பெயரைத் தேடிக் கொண்டுவந்து தருகிறது. பெயர் வேறானால் கோப்பும் வேறு. ஆக 1.1-உம் 3-உம் ஒரே கணினியில் அக்கம்பக்கத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கலாம். ஒன்றைப் போட இன்னொன்றை எடுக்கத் தேவையே இல்லை. நம் மாணவர் 3-ஐ எடுத்திருந்தால், அதை நம்பியிருந்த நிரல்கள் எல்லாம் அவர் தேடிய ஒற்றை நிரலுக்காகத் தெருவில் நின்றிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2012-ஆம் ஆண்டு. நான் ஒரு சிறு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர், இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பு வேண்டும் என்று கேட்டார். எங்கள் சர்வரில் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.0. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று வெளியான 1.0.1-இல்தான் டிஎல்எஸ் 1.2 முதன்முதலாக வந்தது. பேக்கேஜாக வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மூலநிரலை இறக்கினேன். கான்ஃபிக், மேக், மேக் டெஸ்ட், மேக் இன்ஸ்டால். நாலு கட்டளை. யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் எஸ்எஸ்எல் என்ற அடைவில் போய் உட்கார்ந்தது. பிறகு அந்த அடைவை லோடர் தேடும் பட்டியலின் தலையில் சேர்த்து, எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

இன்னொரு ஜன்னலைத் திறந்து எஸ்எஸ்எச் மூலம் உள்ளே வர முயன்றேன். வாசலிலேயே இணைப்பு அறுந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி அறுந்தது. சர்வர் இருந்தது வேறு ஊரில், யாரோ ஒருவருடைய டேட்டா சென்டரில். என் கையில் இருந்தது முதலில் திறந்து வைத்திருந்த ஒரே ஒரு ஜன்னல்.

நடந்தது இதுதான். 1.0.1-இன் லைப்ரரிக் கோப்பும் தன் பெயரில் 1.0.0 என்ற எண்ணையே வைத்திருந்தது. எழுதியவர்கள் அந்த வரிசை முழுதுக்கும் அதே பெயர் எண்ணை வைத்தார்கள். எஸ்எஸ்எச் சர்வர் ஒவ்வொரு புது இணைப்புக்கும் தன்னைப் புதிதாக ஓட்டிக்கொள்ளும். அப்போது 1.0.0 எங்கே என்று லோடரைக் கேட்டது. லோடர் பட்டியலின் தலையில் இருந்த என் 1.0.1-ஐக் கொண்டுவந்து கொடுத்தது. அன்றைய எஸ்எஸ்எச் கண்டிப்பானது. நான் கட்டப்பட்டபோது பார்த்த பதிப்பு வேறு, இப்போது பார்ப்பது வேறு என்று லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது. அப்படியானால் என் பழைய ஜன்னல் மட்டும் எப்படி உயிரோடு இருந்தது? அது ஏற்கெனவே பழைய லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுவிட்டது. வெளியே என்ன மாறினாலும் அதற்குக் கவலையில்லை. அந்த ஜன்னலிலிருந்தே பட்டியலில் சேர்த்த வரியை அழித்து, எல்டிகான்ஃபிக்கை மறுபடி ஓட்டினேன். வாசல் திறந்தது. அன்று தேநீர் குடிக்கப் போகும் முன் அந்த ஜன்னலையும் மூடியிருந்தேன் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. சர்வரில் எந்த லைப்ரரியைத் தொட்டாலும் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு தொடுவது எனக்கு அன்றுமுதல் பழக்கம்.

பிறகு வெப் சர்வரையும், மின்னஞ்சல் அனுப்பும் ஒரு பின்னணி நிரலையும் மட்டும் புது லைப்ரரியின் முழுப் பாதையைச் சொல்லிக் கம்பைல் செய்தேன். மற்றவை பழையதிலேயே ஓடின. எல்லாம் அமைதியாக நடந்தது. நான் அந்தக் கிணற்றை மறந்தே போனேன்.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்ப்ளீட் செய்தி வந்தது. உங்களில் சிலர் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கூகுளின் நீல் மேத்தாவும், ஃபின்லாந்தின் கோடனாமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டுபிடித்த ஓட்டை அது. இரு கணினிகள் இணைப்பில் இருக்கும்போது, இன்னும் இருக்கிறாயா என்று ஒன்று மற்றொன்றைத் தட்டிப் பார்க்கும். ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுமுனை அதையே திருப்பி அனுப்ப வேண்டும். நாலு எழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு நீளம் அறுபத்துநாலாயிரம் என்று பொய் சொன்னால்? ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்க்கவில்லை. சொல்லை அடுத்து நினைவகத்தில் என்ன கிடந்ததோ, 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல் கிடந்தால் கடவுச்சொல். சர்வரின் அந்தரங்கச் சாவி கிடந்தால் அதுவும். கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படித்தான் போயின. இத்தனை பெரிய கிணற்றுக்கு உலகம் முழுவதும் இருந்து வந்த நன்கொடை அதுவரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு காவல் காத்தவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

பாதிக்கப்பட்டவை 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை. நான் சர்வரில் நுழைந்து பதிப்பைக் கேட்டேன். 1.0.0 என்று பதில் வந்தது. பாதிப்பு இல்லை. நிம்மதியாக, பிறருக்கு உதவப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து இரவில் படுத்திருந்தபோதுதான் 2012-இல் கையால் கட்டியது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த வெப் சர்வரின் நினைவக வரைபடத்தைப் பார்த்தேன். ப்ராக் அடைவில் ஒவ்வொரு நிரலுக்கும் மேப்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அந்த நிரல் எந்தெந்தக் கோப்புகளை நினைவகத்தில் ஏற்றியிருக்கிறது என்று அது சொல்லும். யூஎஸ்ஆர், லோக்கல், எஸ்எஸ்எல் என்று பாதை வந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த வாசல் திறந்தே கிடந்திருக்கிறது. இரண்டு நாள்களாக உலகத்துக்கே அது தெரிந்திருக்கிறது. பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அதனிடம் சொல்லவே இல்லை. அதன் பதிவேட்டில் இல்லாத ஒன்றை அது எப்படிப் பழுதுபார்க்கும்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நான் அந்த இரவே கடிதம் எழுதினேன்.

1.0.1ஜி-யை இறக்கிக் கட்டி, அதே இடத்தில் நிறுவினேன். வெப் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை அழிப்பது என்றால், அடைவில் உள்ள அதன் பெயரை அழிப்பது மட்டும்தான். எந்த நிரலாவது அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த நிரல் முடியும்வரை உள்ளடக்கம் வட்டில் இருந்தே தீரும். புதுக் கோப்பு அதே பெயரில் வந்து உட்காரும். பழையது பெயரில்லாமல் வாழும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். மின்னஞ்சல் அனுப்பும் பின்னணி நிரலின் எதிரே, அழிக்கப்பட்டது என்ற குறியோடு பழைய லைப்ரரி நின்றது. அதை நான் மறுபடி தொடங்கியிருக்கவில்லை. கிணற்றைத் தூர்த்தாயிற்று; ஆனால் காலையில் இறைத்து வைத்த குடத்துத் தண்ணீரைத்தான் அந்த வீடு இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.

இப்போது டெபியனிலும் உபுண்டுவிலும் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இருக்கிறது. எந்த நிரல் பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். அது சொல்வதைப் படியுங்கள். பலர் அந்தத் திரையை எண்டர் தட்டிக் கடந்துபோகிறார்கள்.

குடத்தையும் கவிழ்த்தாயிற்று. வேலை முடிந்ததா? அந்தத் தண்ணீரில் உலை வைத்த சோறு இருக்கிறது. மறையாக்க லைப்ரரியில் சோறு என்பது சாவி. அந்தரங்கச் சாவி ஒருமுறை கசிந்திருந்தால், லைப்ரரியை எத்தனை முறை மாற்றினாலும் திருடியவன் கையில் அது சாவிதான். ஆகவே லைப்ரரியை மாற்றிய பிறகு புதுச் சாவி உருவாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கி, பழையதை ரத்து செய்து, பயனர்களின் கடவுச்சொற்களையும் மாற்றச் சொன்னேன். வரிசை முக்கியம். ஓட்டையை அடைக்கும் முன் புதுச் சாவி வைத்தால் அதுவும் கசியும்.

சாவிகள் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு டெபியனில் நடந்ததைச் சொல்கிறேன்.   அது 2006-ஆம் ஆண்டுக் கதை. டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பராமரித்தவர் வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவியின் எச்சரிக்கையைக் கண்டார். தொடக்க மதிப்பு இல்லாத நினைவகத்தைப் பயன்படுத்துகிறாய் என்றது கருவி. எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகளை முடக்கினார். அதில் ஒரு வரிதான், கணினி எங்கெங்கிருந்தோ திரட்டிய தற்செயல் தகவல்களை எல்லாம் கலக்கும் வரி. அது போனதும், சீட்டு எடுக்கும் குடத்தில் மிஞ்சிய ஒரே சீட்டு, நிரலின் செயல் எண். லினக்ஸில் அது அன்று 32,767-ஐத் தாண்டாது. கோடானுகோடி வாய்ப்புகளிலிருந்து பிறக்க வேண்டிய சாவி, ஒரு வகைக் கணினியில் ஒரு நீளத்துக்கு, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கிப்போயிற்று. ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்க்கலாம்.

2006 செப்டம்பரில் புகுந்த இந்தப் பிழையை லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. லைப்ரரியைச் சரிசெய்ய ஒரு நாள் போதும். அந்த இருபது மாதங்களில் பிறந்த சாவிகளை என்ன செய்வது? ஒரு டெபியன் கணினியில் உருவான எஸ்எஸ்எச் சாவி, ரெட் ஹாட் சர்வரிலும் ஃப்ரீபிஎஸ்டி சர்வரிலும் போய் உட்கார்ந்திருக்கும். அந்தச் சர்வர்களில் இந்தப் பிழையுள்ள லைப்ரரி ஒருநாளும் நிறுவப்பட்டதில்லை. ஆனாலும் அவற்றின் வாசல் திறந்துவிட்டது. அதைவிடக் கொடுமை டிஎஸ்ஏ வகைச் சாவிகளுக்கு நேர்ந்தது. அவற்றுக்கு ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு தற்செயல் எண் தேவை. நல்ல கணினியில் பிறந்த நல்ல சாவியாக இருந்தாலும், பாதிக்கப்பட்ட கணினியில் ஒருமுறை கையெழுத்திட்டால் போதும், சாவியே வெளிப்பட்டுவிடும். கெட்ட சாவிகளின் பட்டியலையே டெபியன் ஒரு பேக்கேஜாக வெளியிட்டது. அவற்றில் ஒன்றை யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடு என்று எஸ்எஸ்எச்சுக்குச் சொல்லிவைத்தது. நிறுவலையும் நீக்கலையும் பற்றி நான் அறிந்த பேக்கேஜ்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்: நீக்க முடியாததைத் தடுத்து நிறுத்துவதற்காக ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. 2024-இல், பதினாறு ஆண்டுகள் கழித்து, ஹானோ பெக் என்ற ஆய்வாளர் மின்னஞ்சலுக்குக் கையெழுத்திடும் டிகேஐஎம் சாவிகளைத் தேடிப் பார்த்தபோதும் இந்தப் பலவீனமான சாவிகள் அகப்பட்டன.

இனி நம் மாணவருக்குச் சொன்னதைச் சொல்கிறேன். அவர் தேடிய 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11-உடன் பொது ஆதரவு முடிந்துவிட்டது. பழைய உபுண்டுவிலிருந்து அந்தப் பேக்கேஜைக் கொண்டுவந்து போட முடியும். 3-ஐத் தொடாமல் அதன் பக்கத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இனி அதில் ஓட்டை விழுந்தால், உங்கள் கணினிக்கு வழக்கமாக வரும் மேம்படுத்தல் எதுவும் அதை அடைக்காது. அந்த மென்பொருளுக்கு 3-உடன் வேலை செய்யும் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள் என்றேன். இருந்தது. அவருக்கு எதையும் நீக்க வேண்டியே வரவில்லை.

உண்மையிலேயே நீக்க வேண்டி வந்தால், முதலில் ஆப்ட்-கெட்டை ஒத்திகையாக ஓட்டுங்கள். ரிமூவ் என்பதற்கு முன்னால் ஒரு கோடும் எஸ் என்ற சிற்றெழுத்தும் போட்டால் போதும். எதையும் தொடாமல், எவையெல்லாம் கூடவே போகும் என்று பட்டியல் மட்டும் தரும். லிப்எஸ்எஸ்எல்3-ஐ வைத்து ஒருமுறை பாருங்கள், பட்டியல் திரையைத் தாண்டி ஓடும். நிஜமாக ஓட்டும்போது, அத்தியாவசியம் என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ் ஏதாவது போகுமானால், ஆம், நான் சொன்னபடி செய் என்ற பொருளில் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை உங்களையே தட்டச்சு செய்யச் சொல்லும். அப்போது அந்த வாக்கியத்தைத் தட்டாதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். ரிமூவ் என்றால் அமைப்புக் கோப்புகள் தங்கும், பர்ஜ் என்றால் அவையும் போகும். இரண்டிலும் உங்கள் சாவிகள் நீங்கள் வைத்த இடத்திலேயே கிடக்கும்.

கையால் கட்டத்தான் வேண்டும் என்றால், பதிப்பு எண்ணைப் பெயரில் வைத்து ஆப்ட் அடைவுக்குள், அதாவது ஓ-பி-டி என்ற அடைவுக்குள், தனி இடத்தில் கட்டுங்கள். எல்லாருக்குமான லோடர் பட்டியலில் அதைச் சேர்க்காதீர்கள். தேவைப்படும் நிரலுக்கு மட்டும் பாதையைச் சொல்லுங்கள். நீக்கும் நாளில் ஓர் அடைவை அழித்தால் போதும். கையால் கட்டியது, மூலச் சான்றிதழ்களைத் தன் சொந்த அடைவில் தேடும். அங்கே எதுவும் இருக்காது. சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்ற பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழிக்கு மட்டும் போகாதீர்கள். கணினியின் சான்றிதழ் அடைவைக் காட்டிக் கொடுங்கள்.

நான் 2014-க்குப் பிறகு, பொறுப்பேற்ற ஒவ்வொரு சர்வரிலும் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் ஓர் உரைக் கோப்பு வைக்கிறேன். கையால் எதைக் கட்டினேன், எந்த நாள், யாருக்காக, எந்தெந்த நிரல் அதிலிருந்து இறைக்கிறது, எந்தெந்தச் சாவி அதில் பிறந்தது. அவ்வளவுதான், சில வரிகள். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காருபவர் இரவில் படுத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியதில்லை.

உங்களில் பலர் மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறீர்கள். கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு பத்து நிமிடம் எடுத்துக்கொள்வோம். டெர்மினலைத் திறந்து, உங்கள் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். எப்போது வந்தது என்று சொல்லத் தெரியாத ஒன்று இருந்தால் கை தூக்குங்கள். நான் உங்கள் இடத்துக்கு வருகிறேன்.